பக்கவாதம் வந்தவர் மாத்திரையை விட்டுவிட்டு பூண்டு, மஞ்சள், கின்கோ கேப்சூலுக்கு மாறலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: அப்பாவுக்கு 63 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து லேசான பக்கவாதம் வந்தது, இப்போது கை கால் ஓரளவு நன்றாகவே இருக்கிறது. ரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷருக்கு ஒரு மாத்திரை என்று தினமும் மூன்று எடுக்கிறார். போன மாத ரத்தப் பரிசோதனையில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் 22 என்று வந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துபோயிருக்கிறீர்கள். இந்த நேரம் பார்த்து உறவினர் ஒருவர் பூண்டு, மஞ்சள், கின்கோ என்ற மரத்தின் இலை மூன்றின் சாறும் அடங்கிய கேப்சூலைக் கொண்டுவந்து, இதைச் சாப்பிட்டால் ரத்தம் கட்டவே கட்டாது, மாத்திரை எதுவும் தேவையில்லை என்கிறார். நம்பலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: தாவரப் பொருட்கள் ரத்தத்தில் நல்ல மாற்றம் செய்கின்றன என்று இத்தனை ஆய்வுகள் சொல்லும்போது, டாக்டர்கள் ஏன் அவற்றை எழுதித் தருவதில்லை?

நான் மருந்தியல் படித்தவன். நரம்பியல் வார்டில் நோயாளிகளின் மருந்துச் சீட்டைப் பார்த்து எது எதோடு ஒத்துப்போகாது என்று சொல்வதுதான் பல வருடங்களாக என் வேலை. சிகிச்சை தரும் டாக்டர் இல்லை, அப்பாவின் ஸ்கேனையும் பார்த்ததில்லை. அதனால் அவருக்கு இதைக் கொடுங்கள், அதை நிறுத்துங்கள் என்று டோஸ் சொல்லப்போவதில்லை. சுருக்கமான பதில் போதுமென்றால்: மாத்திரைக்குப் பதிலாக அந்தக் கேப்சூல் கூடவே கூடாது, மாத்திரையோடு சேர்த்தும் வேண்டாம், சமையலில் பூண்டும் மஞ்சளும் போடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

பக்கவாதம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் நேரெதிரான இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் ரத்தம் கட்டியாகி மூளையின் குழாயை அடைக்கிறது. இன்னொன்றில் குழாய் வெடித்து மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ ரத்தம் கசிகிறது. மேலை நாடுகளில் நூற்றுக்கு 85 பேருக்கு அடைப்பு வகைதான். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கசிவு வகையின் பங்கு இன்னும் அதிகம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எந்தப் பொருளும், அது செடியிலிருந்து வந்தாலும் சரி தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் சரி, முதல் வகையைக் குறைக்கும்போதே இரண்டாவது வகையை ஓரளவு கூட்டும். இதிலிருந்து முழுமையாகத் தப்பிய மருந்தைப் பார்ப்பது அரிது. ஆகவே ‘ரத்தம் கட்டாது’ என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு கட்டாது, யாருக்கு, எந்த விலை கொடுத்து என்று கேட்டாக வேண்டும்.

செடியை மருத்துவம் ஒதுக்கிவைத்திருக்கிறது என்ற எண்ணமும் சரியில்லை. பக்கவாதத் தடுப்பில் மிக அதிகமாகப் பயன்பட்ட இரண்டு மருந்துகளின் வேரும் தாவரத்தில்தான் இருக்கிறது. வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் என்ற பொருளின் வழியில் வந்ததுதான் ஆஸ்பிரின். 1897-ல் பேயர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் சாலிசிலிக் அமிலத்தோடு ஒரு அசிட்டைல் தொகுதியைச் சேர்த்து அதைத் தயாரித்தார். அது எப்படி வேலை செய்கிறது என்று ஜான் வேன் கண்டுபிடிக்க 1971 ஆனது, அதற்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் சுவாரசியமான விஷயம் அந்த அசிட்டைல் தொகுதிதான். அது ரத்தம் உறைய உதவும் சிறு அணுவான தட்டணுவில் இருக்கும் காக்ஸ்-1 என்ற நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்துகொள்ள முடியாது, அதனால் அது வாழும் ஏழு முதல் பத்து நாட்கள் வரைக்கும் அந்த முடக்கம் நீடிக்கிறது. தினம் 75 மில்லிகிராம் போல ஒரு சின்ன அளவு போதுமாக இருப்பது இதனால்தான். மரப்பட்டையில் இருக்கும் சாலிசினில் அந்த அசிட்டைல் இல்லை. எனவே பட்டைக் கஷாயம் வலியைக் குறைக்கலாம், ஆனால் தட்டணுவை ஆஸ்பிரின் போல முடக்காது. செடி வழி காட்டியது, வேலையைச் செய்தது அதில் மனிதன் சேர்த்த சிறு மாற்றம்.

வார்ஃபரின் கதை இன்னும் விநோதம். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும் ஸ்வீட் குளோவர் என்ற தீவனப் பயிரைத் தின்ற மாடுகள், கொம்பு நீக்கியதும் ரத்தம் நிற்காமல் செத்துப்போயின. பூஞ்சை பிடித்த தீவனம்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் கண்டார். செடியில் இயல்பாக இருக்கும் கூமரின், பூஞ்சையின் கைவரிசையால் டைகூமராலாக மாறியிருந்தது. அதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க்கின் குழு பிரித்தெடுத்தது. அந்த வழியில் உருவான வார்ஃபரின் 1948-ல் எலி விஷமாகத்தான் சந்தைக்கு வந்தது, 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு அது பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, இது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஆனால் அதை எடுப்பவர், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை விடாமல் செய்து, பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் கசிவு. தாவரப் பொருளுக்கு ரத்தத்தின் மேல் உண்மையான வலு இருந்தால் அதைக் கையாள்வது இப்படித்தான் இருக்கும். ஒரு கேப்சூல் ரத்தத்தை ‘சரியாக்கும்’, பக்கவிளைவும் இல்லை, பரிசோதனையும் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அதற்கு வலு இல்லை, அல்லது ஆபத்தை அவர் சொல்லவில்லை.

சரி, உங்கள் கேப்சூலில் இருப்பவற்றுக்கு வருவோம். பூண்டை நசுக்கும்போது அல்லீன் என்ற பொருள் அல்லினேஸ் நொதியின் உதவியால் அல்லிசினாக மாறுகிறது. எண்ணெயில் ஊறவைத்தால் அதிலிருந்து அஜோயீன் உருவாகிறது. கண்ணாடிக் குழாயில் தட்டணுக்களோடு அஜோயீனைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவது குறைகிறது என்பது உண்மை. ஆனால் அல்லிசின் குடலையும் கல்லீரலையும் தாண்டி ரத்தத்துக்கு அப்படியே வருவதில்லை, வேறு கந்தகச் சேர்மங்களாக உடைந்துதான் வருகிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பூண்டு மாத்திரை அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று காட்டும் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன, அதை நான் ‘இருக்கலாம்’ என்ற கணக்கில் வைப்பேன். பூண்டு கொடுத்த குழுவில் பக்கவாதம் குறைந்தது என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் கிடையாது.

மஞ்சளில் இருக்கும் குர்குமின் இன்னும் சிக்கலானது. ஆய்வுக்கூடத்தில் அது செய்யாத நல்ல காரியமே இல்லை. வீக்கத்தைக் குறைக்கும், தட்டணுவைத் தடுக்கும், எலியின் மூளையைக் காப்பாற்றும். ஆனால் வாய்வழி எடுத்தால் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்துக்கு வருகிறது, வந்ததையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றுகிறது. இதைச் சமாளிக்கத்தான் கேப்சூல்களில் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள்; 20 மில்லிகிராம் பைப்பரினோடு கொடுத்தபோது ரத்தத்தில் குர்குமின் அளவு 20 மடங்கு கூடியது என்று 1998-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது, அன்றிலிருந்து விளம்பரங்கள் எல்லாம் அந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றுமே இல்லாததன் 20 மடங்கு எவ்வளவு என்பது வேறு கதை. எனக்குக் கவலை தருவது மறுபக்கம்: குர்குமினை வெளியேற்றவிடாமல் தடுக்கும் அதே பைப்பரின், உடம்பில் இருக்கும் மற்ற மாத்திரைகளை வெளியேற்றும் நொதிகளையும் தடுக்கிறது. வலிப்புக்கான பினைட்டோயின், பிரஷருக்கான ப்ரோப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவு ரத்தத்தில் கூடியதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் சப்ளிமெண்ட் ஆரம்பித்த பிறகு ஐஎன்ஆர் 10-ஐத் தாண்டிப் போனதாக நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரிக்கை விட்டது. சாம்பாரிலோ பாலிலோ போடும் ஒரு சிட்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேப்சூலில் இருப்பது செறிவூட்டிய சாறு.

கின்கோவுக்கு நல்ல ஆய்வு இருக்கிறது, அதனால் பேச்சு சுருக்கமாக முடியும். அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு தினம் இரண்டு வேளை 120 மில்லிகிராம் கின்கோ சாறு அல்லது ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்து ஆறு வருடங்கள் போலப் பின்தொடர்ந்தார்கள். மறதி நோயும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை.

இந்த மூன்றிலும் ஒரே மாதிரி நடப்பதைக் கவனியுங்கள். கண்ணாடிக் குழாயில் பிரமாதம், மனித ரத்தத்தின் எண்களில் ஏதோ கொஞ்சம், ஆயிரக்கணக்கானவர்களை வருடக்கணக்கில் பார்த்தால் ஒன்றுமில்லை அல்லது யாரும் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு படியிலும் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். செய்தித்தாளில் வருவது முதல் படி, நமக்குத் தேவை மூன்றாவது படி.

சில சமயம் உதிர்வதோடு நிற்காது, திசையே மாறிவிடும். வைட்டமின் ஈ அதற்குச் சரியான உதாரணம். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைவதுதான் குழாய் அடைப்பின் ஆரம்பம், வைட்டமின் ஈ ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும், ஆகவே அது பக்கவாதத்தையும் தடுக்கும் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பலர் நம்பினார்கள். கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. சீரற்ற முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2010-ல் பார்த்தபோது, அடைப்பு வகை சுமார் 10 சதவீதம் குறைந்தது, கசிவு வகை 22 சதவீதம் கூடியிருந்தது. கசிவு வகைதான் ஆளைக் கொல்வதில் மோசமானது. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினின் கதை இதைவிட மோசம், ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குக் கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோயே கூடியது, 1994-ல் வெளியான முடிவு அது. காரட் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் குறைவாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் காரட்டின் நன்மையை ஒரு மூலக்கூறில் அடைத்து விற்க முடியவில்லை.

இப்போது உங்களைப் பயமுறுத்திய ஹோமோசிஸ்டீன். சாதாரணமாக 5 முதல் 15 மைக்ரோமோல் என்று வைப்பார்கள், அப்பாவுக்கு 22, கூடுதல்தான், ஆனால் திகில் அடைய வேண்டிய எண் இல்லை. பிறவிக் கோளாறால் இந்த அமினோ அமிலம் ரத்தத்தில் ஏகத்துக்கும் ஏறிய குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் முதியவர்களுடையது போல் தடித்திருந்ததை 1969-ல் கில்மர் மெக்கல்லி கவனித்து எழுதினார், அங்கேதான் இந்தக் கதை தொடங்குகிறது. கீரையில் இருக்கும் ஃபோலேட், கூடவே பி12, பி6 மூன்றும் சேர்ந்து ஹோமோசிஸ்டீனைக் குறைக்கின்றன. இதில் சந்தேகமே இல்லை. குறைத்தால் பக்கவாதம் குறைகிறதா என்பதில்தான் இழுபறி. ஏற்கெனவே பக்கவாதம் வந்த 3,680 பேரிடம் செய்த விஸ்ப் ஆய்வு 2004-ல் வந்தது: எண் குறைந்தது, மறுபடி பக்கவாதம் வருவது குறையவில்லை. 2010-ல் விட்டாடாப்ஸ் ஆய்வில் 8,164 பேர், அங்கேயும் தெளிவான பலன் இல்லை. அப்புறம் 2015-ல் சீனாவிலிருந்து வந்த பெரிய ஆய்வு படத்தைக் கொஞ்சம் மாற்றியது. ரத்த அழுத்தம் உள்ள, ஆனால் பக்கவாதம் வராத 20,702 பேருக்கு எனாலப்ரில் என்ற பிரஷர் மாத்திரை மட்டும், அல்லது எனாலப்ரிலோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். நாலரை வருடங்களில் முதல் பக்கவாதம் 3.4 சதவீதத்திலிருந்து 2.7 சதவீதமாகக் குறைந்தது. அங்கே மாவில் ஃபோலிக் அமிலம் சேர்க்கும் வழக்கம் இல்லாததால் உடம்பில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்கள் அதிகம், அதனால்தான் பலன் தெரிந்தது என்பது பலருடைய கணிப்பு, என்னுடையதும்கூட. அதாவது குறை இருந்தால் நிரப்புவது உதவும், நிறைந்திருப்பதில் மேலும் ஊற்றுவது உதவாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹோமோசிஸ்டீன் கூடியிருப்பதற்குக் காரணம் பி12 குறைவாக இருந்து, நீங்கள் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே சத்தமில்லாமல் தொடரும். எனவே முதலில் பி12 அளவு, கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றில் எது கெட்டாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். அப்பா சைவம் என்றால் பி12 மேல் என் சந்தேகம் இன்னும் வலுவாகும், ஏனென்றால் பி12 செடிகளில் கிடைப்பதில்லை. இங்கே ஒரு கொசுறுத் தகவல்: இங்கிலாந்தில் 48,188 பேரைச் சுமார் 18 வருடங்கள் பின்தொடர்ந்த எபிக்-ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், சைவ உணவுக்காரர்களுக்கு மாரடைப்பு சார்ந்த இதயநோய் 22 சதவீதம் குறைவு, பக்கவாதமோ 20 சதவீதம் அதிகம், அதுவும் பெரும்பாலும் கசிவு வகை. ஆளுக்கு ஆள் பார்த்தால் வித்தியாசம் சிறியது, பத்து வருடங்களில் ஆயிரம் பேருக்கு மூன்று கூடுதல். மிகக் குறைந்த கொழுப்பா, பி12 குறைவா, வேறு ஏதாவதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இது வெறும் கவனிப்பு ஆய்வு, காரணத்தை நிரூபிக்காது. இருந்தாலும், செடி என்றாலே ரத்தக்குழாய்க்கு நல்லது என்ற எளிய கணக்கு இங்கே இடிக்கிறது.

கொழுப்பைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. தாவர ஸ்டெரால் தினம் 2 கிராம் எடுத்தால் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் குறையும், ஓட்ஸின் பீட்டா குளுக்கான் 3 கிராமும் ஓரளவு குறைக்கும். இரண்டும் உண்மை, இரண்டும் சிறியவை. அப்பா எடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமே ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும். எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் குறைந்தால் அடைப்பு வகைப் பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அடைப்பு வந்தவர்களுக்கு 70-க்குக் கீழே வைப்பது 90-110-ல் வைப்பதைவிட நல்லது என்று 2020-ல் பிரான்ஸ், தென்கொரிய ஆய்வும் காட்டியது. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கு ஸ்டாட்டின் என்று பெயர்; இயற்கையான ஸ்டாட்டின் என்று சிவப்பு ஈஸ்ட் அரிசியை விற்பார்கள். அதில் இருக்கும் மொனாகோலின் கே என்பது மாத்திரையாக வரும் லோவாஸ்டாட்டினேதான், அணுவுக்கு அணு அதே பொருள். பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், சிலவற்றில் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் சேர்ந்து வரும் என்பதுதான் வித்தியாசம். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் அதையும் எடுத்தால் ஒரே மருந்தை இரண்டு முறை எடுத்த மாதிரி, தசைவலியில் கொண்டுபோய் விடும்.

இவ்வளவு நேரம் நான் எதிர்மறையாகவே பேசியதுபோல் இருக்கும். செடிக்கு உண்மையான இடம் எங்கே என்றால், என் மதிப்பில், அது ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதில் இல்லை, ரத்த அழுத்தத்தில் இருக்கிறது. இரண்டு வகைப் பக்கவாதத்துக்கும் முதல் காரணம் அழுத்தம்தான். 32 நாடுகளில் நடந்த இண்டர்ஸ்ட்ரோக் ஆய்வில், மாற்றக்கூடிய பத்துக் காரணங்கள் பக்கவாத ஆபத்தில் 90 சதவீதத்தை விளக்கின, அதில் தலைமை இடம் அழுத்தத்துக்கு. மேல் எண் 10 குறைந்தால் பக்கவாதம் சுமார் 27 சதவீதம் குறைகிறது. அடைப்பையும் குறைக்கும், கசிவையும் குறைக்கும், ஒன்றைக் குறைத்தால் இன்னொன்று கூடும் என்று நான் முன்னால் சொன்ன சிக்கல் இதில் இல்லை. அதனால்தான் அப்பாவின் மூன்று மாத்திரைகளில் எதை விட்டாலும் ஆபத்து, பிரஷர் மாத்திரையை விட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து.

அழுத்தத்தைக் குறைக்கும் தாவரப் பொருள்களில் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது எந்த அபூர்வ மூலிகையும் இல்லை, சாதாரணப் பொட்டாசியம். பழம், கீரை, பருப்பு, கிழங்கு எல்லாவற்றிலும் இருப்பது. அது சிறுநீரகத்தில் சோடியத்தை வெளியே தள்ளவைக்கிறது, ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது. இதற்கு மூன்றாவது படிச் சான்று இருக்கிறது: சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேர், எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டிய ரத்த அழுத்தக்காரர்கள். பாதி கிராமங்களில் வழக்கமான உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் போலப் பார்த்து 2021-ல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, இறப்பும் குறைந்தது. எனக்குத் தெரிந்து இவ்வளவு எளிய ஒரு மாற்றத்துக்கு இவ்வளவு உறுதியான பலன் வேறெங்கும் வந்ததில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர்மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கவில்லை. பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே நிற்கக்கூடும். அப்பாவின் பிரஷர் மாத்திரையின் பெயர் ‘ப்ரில்’ அல்லது ‘சார்டான்’ என்று முடிந்தாலோ, பொட்டாசியத்தைத் தேக்கும் நீர்மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் எடுத்தாலோ, ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்காமல் உப்பை மாற்றக் கூடாது.

அடுத்தது நைட்ரேட். பீட்ரூட்டிலும் கீரைகளிலும் இருக்கும் நைட்ரேட் ரத்தத்துக்குப் போய், உமிழ்நீர் வழியாக வாய்க்குத் திரும்பி, நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறி, அது உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக்குழாயை விரிக்கிறது. அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்த ஆரோக்கியமானவர்களுக்குச் சில மணி நேரத்தில் மேல் எண் 10 போலக் குறைந்ததை 2008-ல் பார்த்தார்கள். கிருமிநாசினி மவுத்வாஷால் வாயைக் கொப்பளித்தால் இந்த வழியே அடைபட்டுப்போகிறது, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு முடிவுகளில் இதுவும் ஒன்று. இதில் உறுதியானது அழுத்தம் குறைகிறது என்பது மட்டும்தான். பக்கவாதம் குறைவதை யாரும் நேரடியாகக் காட்டவில்லை.

முழு உணவாகப் பார்த்தால் ஸ்பெயினின் ப்ரெடிமெட் ஆய்வு இருக்கிறது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைகளோ சேர்த்த, காய்கறி நிறைந்த உணவை 7,447 பேரிடம் சோதித்ததில் பக்கவாதம்தான் மிகத் தெளிவாகக் குறைந்தது. 2013-ல் வந்த அந்தக் கட்டுரையை, ஆட்களைக் குழுவாகப் பிரித்ததில் குளறுபடி இருந்ததால் திரும்பப் பெற்று 2018-ல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை என்றாலும் நான் அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கிறேன். கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற பொருளைப் பற்றிய 2022-ன் காஸ்மாஸ் ஆய்வில் 21,442 பேர் இருந்தும், பக்கவாதத்தில் தெளிவான பலன் தெரியவில்லை.

ஆபத்தைக் கூட்டும் செடிகளும் உண்டு. அதிமதுரத்தில் இருக்கும் கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்கி, உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, அழுத்தத்தை ஏற்றும். பக்கவாதம் வந்தவர் வாரக்கணக்கில் அதிமதுரக் கஷாயம் குடிப்பது நல்லதல்ல. எஃபெட்ரா என்ற செடி உடல் எடைக் குறைப்புக்கு விற்கப்பட்டு, பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் 2004-ல் அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது. மருந்தோடு மோதும் செடிகளில், கிரேப்ஃப்ரூட் சாறு அட்டோர்வாஸ்டாட்டினை உடைக்கும் குடல் நொதியைத் தடுத்து அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும். மனச்சோர்வுக்கு விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் நேரெதிராக வார்ஃபரினையும் புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகளையும் வேகமாக வெளியேற்றிப் பயனில்லாமல் செய்யும். வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை விட்டுவிட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு, அது தேவையில்லை. வைட்டமின் கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்காமல் ஒரே அளவில் இருந்தால் போதும், டோஸை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். அப்பா எடுப்பது குளோபிடோக்ரெல் என்பதால் கீரைக்கு அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

குளோபிடோக்ரெலும் அந்தக் கேப்சூலும் சேர்ந்தால் நிச்சயம் ரத்தக்கசிவு வரும் என்று நான் சொல்லவில்லை. வராமலும் போகலாம், பலர் எடுத்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருப்பார்கள். ஆனால் ஒரு பக்கம் நிரூபிக்கப்படாத நன்மை, இன்னொரு பக்கம் அளவிட முடியாத ஆபத்து, அதுவும் பாட்டிலில் எழுதியிருக்கும் அளவுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லாத ஒரு பொருளில்; என் வீட்டில் யாருக்காவது என்றால் நான் கொடுக்கமாட்டேன். உறவினர் மனம் நோகுமே என்று தயங்கினால், பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ போகும்போது இது ஆபத்து என்று சொல்லிவிடுங்கள், அதுவும் உண்மைதான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாப் பாட்டிலையும், கஷாயப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்காதீர்கள், பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். இதயத் துடிப்பை 24 மணி நேரம் பதிவு செய்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லை என்று உறுதி செய்தார்களா என்று கேளுங்கள், இருந்தால் குளோபிடோக்ரெல் போதாது, மருந்தே வேறு. மறுபடியும் வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, பூண்டு, ஆஸ்பிரின் எதையும் வாயில் போடாதீர்கள்; சிடி ஸ்கேன் எடுக்கும்வரை அது அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அந்த நேரம் வீட்டுக் கைவைத்தியத்தில் போய்விடக் கூடாது.

பி12, கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றின் எண்ணும், பிரஷர் மாத்திரையின் பெயரும் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். உப்பை மாற்றுவது பற்றி அதற்கு மேல் குறிப்பாகப் பேசலாம்.